எண் போட்டுக் கழற்றிய வாசல்

லண்டன் நகரத்து வாசல்களில் அதிகம் திட்டு வாங்கியது டெம்பிள் பார். ஓவியர்கள் விடாமல் வரைந்த வாசலும் அதுதான். ஃப்ளீட் தெரு முடிந்து ஸ்ட்ராண்டு சாலை தொடங்கும் இடத்தில் அந்தக் கல்வளைவு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் குறுக்கே நின்றது. கிழக்கே வணிகர்களின் நகரம், மேற்கே அரண்மனையும் நாடாளுமன்றமும் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர். இரண்டுக்கும் நடுவே ஓடிய வண்டிகள் அத்தனையும் அந்த ஒற்றை வளைவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். வண்டிக்காரர்கள் சபித்தார்கள், பத்திரிகைகள் கேலி செய்தன. சார்லஸ் டிக்கன்ஸ் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலின் தொடக்கத்திலேயே அதைக் குத்திக்காட்டிவிட்டுத்தான் கதைக்குள் போனார். அதே ஆண்டுகளில் நீர்வண்ணக்காரர்கள் அதன் எதிரே நின்று, எப்போது இடிப்பார்களோ என்ற அவசரத்தோடு வரைந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்து டெம்பிள் பார் படங்களைப் பார்த்தால் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். நடுவில் வண்டிகளுக்கான பெரிய வளைவு. இருபுறமும் ஆட்கள் நடந்துபோக இரண்டு திட்டிவாசல்கள். வளைவுக்கு மேலே சன்னல் வைத்த ஓர் அறை, அதன் பக்கங்களில் மாடங்களில் நிற்கும் அரச உருவங்கள். இவையெல்லாம் கட்டடக் கலை நூல்களிலும் கிடைக்கும். படத்தில் மட்டும் கிடைப்பது கல்லின் நிறம். டெம்பிள் பார் கட்டப்பட்டது போர்ட்லாந்து கல்லால், அதாவது வெளுத்த, பால் நிறக் கல்லால். ஓவியர்கள் அதற்குத் தீட்டிய நிறமோ கரி. லண்டனின் நிலக்கரிப் புகை நூற்றைம்பது ஆண்டுகளில் அதன்மேல் பூசியிருந்த நிறம் அது. மழை நேராக அடிக்கும் விளிம்புகளில் மட்டும் கல் வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பையும் கறுப்பையும் காட்ட நீர்வண்ணத்தைவிடப் பொருத்தமான சாதனம் வேறில்லை. காகிதத்தை வண்ணம் படாமல் விட்டால் அதுவே மழை கழுவிய விளிம்பு ஆகிவிடும்.

வாசலின் பூர்வீகம் எளிமையானது. 1293ஆம் ஆண்டு ஆவணத்தில் முதன்முதலாக இந்த இடத்தில் ஒரு ‘பார்’ பேசப்படுகிறது. நட்ட கம்பங்களுக்கு இடையே கட்டிய சங்கிலியோ மரத்தடுப்போ அதுவாக இருந்திருக்கும். நகரத்தின் மதில் இன்னும் கிழக்கே லட்கேட் வாசலோடு முடிந்துவிட்டது. ஆனால் நகரத்தின் அதிகாரம் மதிலைத் தாண்டி இதுவரை நீண்டிருந்தது. அந்த எல்லையைக் காட்டத்தான் இந்தத் தடுப்பு. பெயரில் உள்ள ‘டெம்பிள்’, பக்கத்திலிருந்த டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர் வீரர் சங்கத்தின் வளாகம். பின்னாளில் அது வழக்கறிஞர்களின் கைக்கு வந்தது. இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தடுப்பு போய், மேலே சிறைச்சாலையோடு கூடிய ஒரு வாயிற்கட்டடம் எழுந்துவிட்டது.

1666இல் லண்டனைத் தின்ற பெருந்தீ இதை எட்டவில்லை. சற்றுத் தொலைவிலேயே அடங்கிவிட்டது. ஆனாலும் கட்டடம் பழையதாகிவிட்டது என்று இரண்டாம் சார்லஸ் மன்னர் புதிதாகக் கட்டச் சொன்னார். 1669இல் தொடங்கி 1672இல் முடிந்தது. கட்டியவர்கள் தாமஸ் நைட், ஜோஷுவா மார்ஷல் என்ற இரண்டு தலைமைக் கல்தச்சர்கள். சிலைகளைச் செதுக்கியவர் ஜான் புஷ்னெல். வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் முதலாம் சார்லஸும் இரண்டாம் சார்லஸும், நகரத்தின் பக்கம் முதலாம் ஜேம்ஸும் அவர் மனைவி டென்மார்க்கின் ஆனும். வடிவமைத்தவர் கிறிஸ்டோபர் ரென் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். கல்தச்சர்கள், சிற்பியின் பெயர்களுக்கு இருக்கும் உறுதி அந்தச் செய்திக்கு இல்லை. லண்டனில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அழகான கட்டடம் எதைக் கண்டாலும் ரென் பெயரை ஒட்டிவிடும் பழக்கம் அங்கே உண்டு.

இந்த வாசலைப் படத்தில் சேர்த்தவர்களில் புகழ் பெற்றவர் வில்லியம் ஹோகார்த். 1726இல் ‘ஹூடிப்ராஸ்’ என்ற அங்கதக் காவியத்துக்கு அவர் செதுக்கிய படங்களில் ஒன்று, டெம்பிள் பார் அருகே கும்பல் தீ வளர்த்துக் கூத்தாடும் காட்சி. எஞ்சியிருந்த ‘ரம்ப்’ (பின்சதை) நாடாளுமன்றத்தை எள்ளி, மக்கள் மாட்டின் பின்சதையைச் சுட்டுக் கொண்டாடிய 1660ஆம் ஆண்டு நிகழ்வு அது. பின்னணியில் புஷ்னெலின் சிலைகளோடு புதிய வாசல் கம்பீரமாக நிற்கிறது. நிகழ்வு நடந்தபோது அந்த வாசல் கட்டப்படவே இல்லை! ஹோகார்த்துக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அவருடைய காலத்து லண்டன்வாசிக்கு டெம்பிள் பார் என்றால் அந்த உருவம்தான், வேறொன்றை வரைந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது. பழைய படத்தைச் சாட்சியாக வைத்து வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் படத்தை மேசைக்கு மேலே மாட்டி வைத்துக்கொள்ளலாம்.

அதே படத்தில் வாசலின் உச்சியில் ஈட்டிமுனைகளில் தலைகள் செருகியிருக்கும். அது கற்பனை அல்ல. அரசத் துரோகம் செய்தவர்களின் தலைகளையும் உடல் துண்டுகளையும் லண்டன் பாலத்தில் காட்சிக்கு வைக்கும் வழக்கம் ஓய்ந்தபின், அந்த வேலை டெம்பிள் பாருக்கு வந்தது. 1745ஆம் ஆண்டு ஜேக்கபைட் கிளர்ச்சியில் பிடிபட்டுக் கொல்லப்பட்ட பிரான்சிஸ் டவுன்லி, ஜார்ஜ் பிளெட்சர் இருவரின் தலைகள்தாம் கடைசியாக ஏறியவை. ஏறிய 1746ஆம் ஆண்டே, தெருவில் தொலைநோக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு பார்வைக்கு அரைப்பென்னி வசூலித்தவர்களைப் பற்றி எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கால் நூற்றாண்டு கழித்து 1772இல் அவை தாமாக உதிர்ந்து விழுந்தன. அதற்குள் ஒரு தலைமுறை அந்தத் தலைகளுக்குக் கீழே நடந்து நடந்து பழகிவிட்டது. எழுத்தாளர்கள் சாமுவேல் ஜான்சனும் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தும் ஒருநாள் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் புலவர்களின் கல்லறைகளைப் பார்த்தார்கள். இவர்களோடு நமக்கும் ஓரிடம் கிடைக்கலாம் என்ற பொருளில் ஒரு லத்தீன் அடியைச் சொன்னார் ஜான்சன். திரும்பி வரும் வழியில் டெம்பிள் பார் வந்தது. கோல்ட்ஸ்மித் மேலே இருந்த தலைகளைக் காட்டி, அதே அடியை ஜான்சன் காதில் ஓதினார்.

வாசலின் கதவுகள் பெரும்பாலும் திறந்தே கிடந்தன. மூடியபோதெல்லாம் செய்தி ஆயிற்று. 1769 மார்ச்சில் மன்னருக்கு ஆதரவு மனு கொடுக்க நகர வணிகர்கள் வண்டி வரிசையோடு அரண்மனைக்குப் புறப்பட்டார்கள். மன்னரை எதிர்த்த ஜான் வில்க்ஸின் ஆட்கள் டெம்பிள் பார் கதவுகளை அடைத்து, வண்டிகள்மேல் சேற்றை வாரி அடித்தார்கள். கனவான்கள் பலர் சந்து பொந்துகளில் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. மன்னரே வந்தாலும் நகர எல்லையில் நின்று, லார்டு மேயர் நீட்டும் வாளைத் தொட்டுத் திருப்பிக் கொடுத்த பிறகே உள்ளே போவது வழக்கம். பெரிய அரசு விழாக்களில் இன்றும் இது நடக்கிறது. 1703 ஜூலையில் எழுத்தாளர் டேனியல் டிஃபோவைத் தண்டனைக் கட்டையில் பூட்டி நிறுத்திய மூன்று இடங்களில் ஒன்றும் இதுவே. கூட்டம் கல்லுக்குப் பதில் பூக்களை எறிந்ததாகச் சொல்வார்கள். அழகான கதை, நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம்.

தெருவோடு சேர்த்துப் பார்த்தால்தான் வாசலுக்கு உயிர். தெற்கே ஒட்டி நின்றது சைல்டு வங்கி. டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’யில் வரும் டெல்சன் வங்கிக்கு இதுதான் முன்மாதிரி. வளைவுக்கு மேலிருந்த அறையை நகரத்திடம் வாடகைக்கு எடுத்து, பழைய கணக்குப் பேரேடுகளை அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். தலைகளைச் செருகிய அதே கட்டடத்தின் வயிற்றில் வரவு செலவுப் புத்தகங்கள். மேற்கே ஸ்ட்ராண்டு பக்கம் வாசலை அடுத்திருந்தது ஒரு மீன்கடை. அந்த வீட்டில் பிறந்த வில்லியம் கிராக்ஃபோர்டு பின்னாளில் லண்டனின் ஆடம்பரச் சூதாட்ட விடுதியை நடத்திப் பெரும் பணம் சேர்த்தார். சில எட்டு தள்ளி, தாமஸ் டுவைனிங் 1706இல் தொடங்கிய கடை. தேயிலை குடிக்காத லண்டனுக்குத் தேயிலை பழக்கிய இடங்களில் அதுவும் ஒன்று, இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. வாசலை ஒட்டி முடிதிருத்தும் கடை, அச்சகங்கள், சாராயக் கடைகள், சட்டப் புத்தகக் கடைகள். ஓவியர்களின் கண் பாதி நேரம் வளைவின்மேல் இல்லை, இந்தக் கடைகளின் பெயர்ப்பலகைகளின்மேல்தான் இருந்தது.

இந்த ஓவியர்கள் யார்? பெரும்பாலும் பெரிய பெயர்கள் இல்லை. டர்னரும் கான்ஸ்டபிளும் மலையும் மேகமும் வரைந்துகொண்டிருந்த நாட்களில், இடங்களை உள்ளது உள்ளபடி வரைவது கூலி வேலை போலவே நடந்தது. தாமஸ் ஹோஸ்மர் ஷெப்பர்டு அதில் முதன்மையானவர். லண்டனின் தெருக்களையும் தேவாலயங்களையும் சத்திரங்களையும் ஆயுள் முழுக்க வரைந்தார். அவர் வரைந்தவை செதுக்கோவியங்களாக அச்சாகிக் கடைகளில் விற்றன. அரண்மனைகளுக்கு உள் அலங்காரம் செய்துகொடுத்த பிரெடரிக் கிரேஸ் என்ற செல்வந்தர், லண்டன் படங்களையும் வரைபடங்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்தவர். ஷெப்பர்டின் நீர்வண்ணங்களுக்கு நிலையான வாடிக்கையாளர் அவர். இடிபடப் போகும் கட்டடம் என்று காதில் விழுந்தால், ஆள் அனுப்பி வரையச் சொல்வது இத்தகைய சேகரிப்பாளர்களின் வழக்கம். ஜான் வைக்கம் ஆர்ச்சர் என்ற ஓவியருக்கும் வில்லியம் ட்வோப்பனி என்ற வழக்கறிஞர் இப்படித்தான் ஆண்டுதோறும் வேலை கொடுத்தார். கிரேஸின் தொகுப்பு 1880இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. ஷெப்பர்டு அதைப் பார்க்கவில்லை, 1864இலேயே இறந்துவிட்டார்.

புகைப்படம் வந்துவிட்ட பிறகும் ஏன் தூரிகை என்று கேட்கலாம். 1875இல் ‘பழைய லண்டனின் எச்சங்களைப் புகைப்படம் எடுக்கும் சங்கம்’ என்றே ஒன்று தொடங்கி, பத்தாண்டுக்கு மேல் வேலை செய்து 120 படங்களை வெளியிட்டது. அற்புதமான படங்கள். ஆனால் அன்றைய கேமராவுக்கு நீண்ட நேரம் ஒளி வேண்டும், ஓடும் குதிரையும் நடக்கும் ஆளும் அதற்குள் கரைந்துபோவார்கள். அதனால் அந்தப் புகைப்படங்களில் லண்டன் ஊரடங்கிய நகரம் போல இருக்கும். டெம்பிள் பாரைப் பற்றிய ஒரே பெரிய உண்மை நெரிசல். அதைக் காட்ட நீர்வண்ணத்தால்தான் முடிந்தது. அளவுகளுக்கு இந்தப் படங்களை நம்பக் கூடாது. வளைவை முழுதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக ஓவியர் நாலைந்து வண்டிகளை ஓரங்கட்டியிருப்பார், தெருவைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருப்பார். புகைக்கும் சேற்றுக்கும் கடைப் பலகைக்கும் நம்பலாம்.

மற்ற வாசல்களுக்கு இந்தப் பேறு இல்லை. லட்கேட், ஆல்ட்கேட், கிரிப்பிள்கேட் எல்லாம் 1760களின் தொடக்கத்திலேயே போக்குவரத்துக்காக இடிக்கப்பட்டன. கட்டடப் பொருளுக்காக ஏலம் போட்டதில் லட்கேட் 148 பவுண்டுக்கும் கிரிப்பிள்கேட் 91 பவுண்டுக்கும் போயின. லட்கேட்டில் இருந்த முதலாம் எலிசபெத்தின் சிலை மட்டும் தப்பிப் பிழைத்து, ஃப்ளீட் தெருவின் செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்தில் நிற்கிறது. டெம்பிள் பார் தப்பியதற்குக் காரணம் அதன் அழகு என்று சொல்ல ஆசைதான். சடங்கும் நகரத்தாரின் வீம்பும் என்பது உண்மைக்கு நெருக்கம். 1852இல் வெலிங்டன் கோமகனின் இறுதி ஊர்வலத்துக்கு அதற்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். 1863இல் இளவரசரின் மணமகள் அலெக்சாண்ட்ரா வந்தபோது அலங்கரித்தார்கள். இரண்டுக்கும் நடுவே வழக்கம்போலத் திட்டினார்கள்.

முடிவு வந்தது பக்கத்து மனையிலிருந்து. வடக்கே அரச நீதிமன்றங்களைக் கட்ட 1870களில் பெரும்பள்ளம் தோண்டினார்கள். தரை இளகி, வளைவின் உச்சிக் கல் கீழே இறங்கிவிட்டது. மரத்தூண்களை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். அந்த முட்டுக்கால்களால் வழி இன்னும் குறுகியது. 1878இன் தொடக்கத்தில் நகராட்சி பிரிக்கத் தொடங்கியது. இங்கேதான் லண்டன் வழக்கத்துக்கு மாறான ஒரு காரியம் செய்தது. இடித்து விற்காமல், 2,500க்கும் மேற்பட்ட கற்களையும் ஒவ்வொன்றாக இறக்கி, எண் போட்டு, ஃபாரிங்டன் சாலையில் ஒரு திறந்த மனையில் அடுக்கி வைத்தார்கள். மறுபடி எங்கே கட்டுவது என்று மட்டும் யாருக்கும் யோசனை இல்லை.

காலி இடத்தில் நகராட்சி 1880இல் ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. ஹொரேஸ் ஜோன்ஸ் வடிவமைத்த பீடம், பக்கங்களில் விக்டோரியா அரசிக்கும் இளவரசருக்கும் சிலைகள், உச்சியில் சார்லஸ் பெல் பர்ச் வடித்த, சிறகு விரித்த யாளி போன்ற ஒரு பிராணி. அதை நட்ட இடம் சாலையின் நட்டநடு. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வாசலை எடுத்தவர்கள் அதே இடத்தில் இன்னோர் இடைஞ்சலைக் கொண்டுவந்து வைத்ததை லண்டன்வாசிகள் மன்னிக்கவில்லை. பத்திரிகைகள் பல மாதங்கள் அதை வைத்துப் பிழைத்தன.

கற்களை மீட்டவர் யாரும் எதிர்பாராத ஆள். வலெரி மியூ என்ற அந்தப் பெண், மதுக்கடையில் வேலை பார்த்தவர், பான்ஜோ வாசிப்பார் என்று ஊர் பேசியது. பீர் ஆலைச் சீமான் ஹென்றி மியூ அவரை மணந்துகொண்டார். சீமான் வீட்டார் அவரைக் கடைசிவரை ஏற்கவில்லை. அவரும் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. வரிக்குதிரை பூட்டிய வண்டியில் லண்டனைச் சுற்றினார், எகிப்தியப் பழம்பொருள்களைச் சேர்த்தார், 1881இல் ஓவியர் விஸ்லரிடம் தம் உருவப்படங்களை வரையச் சொன்னார். அவருடைய ஆசைக்காகவே கணவர் டெம்பிள் பார் கற்களை வாங்கினார் என்பார்கள். நகரத்துக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் தியோபால்ட்ஸ் தோட்டத்து நுழைவாயிலாக, 1888இல் கற்கள் மறுபடி வளைவாயின. சைல்டு வங்கியின் பேரேடுகள் தூங்கிய மாடி அறையில் சீமாட்டி விருந்து வைத்தார். அரச குடும்பத்தாரும் அங்கே உண்டதாகச் சொல்வார்கள். 1910இல் அவர் இறந்தபோது சொத்தைக் கடற்படைத் தளபதி ஹெட்வொர்த் லாம்டனுக்கு எழுதி வைத்திருந்தார். ஒரே நிபந்தனை, அவர் பெயரை மியூ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொண்டார்.

அதன் பிறகு வாசல் மறக்கப்பட்டது. மரங்கள் சூழ்ந்தன, மழையும் கல்லெறியும் சிற்பங்களைத் தின்றன, சுற்றிலும் வேலி போட வேண்டியதாயிற்று. வண்டியே வராத காட்டுக்குள், வண்டிகளுக்கு இடைஞ்சல் என்று துரத்தப்பட்ட வாசல். லார்டு மேயராக இருந்த ஹியூ வான்ட்னர் 1976இல் அதை மீட்க ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1984இல் மியூ குடும்பத்து அறக்கட்டளையிடமிருந்து 1 பவுண்டுக்கு வாங்கினார்கள். நகரத்துக்குள் இடம் கிடைத்து, பணம் சேர்ந்து, கற்களை மறுபடி கழற்ற 2003 ஆகிவிட்டது. இந்த இரண்டாவது பெயர்ப்புக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு. 2004 நவம்பர் 10 அன்று, புனித பவுல் பேராலயத்துக்கு வடக்கே பேட்டர்னோஸ்டர் சதுக்கத்தின் நுழைவாயிலாக அது திறக்கப்பட்டது.

பெயர்த்து நட்ட கட்டடங்களை லண்டன் பலமுறை பார்த்திருக்கிறது. மார்பிள் ஆர்ச் 1851இல் பக்கிங்ஹாம் அரண்மனை முன்னிருந்து ஹைடு பூங்காவின் வடகிழக்கு மூலைக்குப் போனது. வெலிங்டன் வளைவு 1880களில் நகர்ந்தது. எண் போடாமல் இடித்தால் என்ன ஆகும் என்பதற்கு யூஸ்டன் ரயில் நிலையத்தின் பெரிய வாயில் சாட்சி. 1961இல் அரசு அதை இடித்தது. எண்ணிட்டு எடுத்துவைக்க ஒப்பந்தக்காரர் முன்வந்தும் அரசு கேட்கவில்லை. கற்களில் பெரும்பகுதி கிழக்கு லண்டனில் ஒரு கால்வாயின் பள்ளத்தை நிரப்பப் போய், 1990களில் சேற்றுக்கடியிலிருந்து தேடி எடுக்கும்படி ஆயிற்று. இன்னும் அந்த வாயில் எழவில்லை. 1878இன் கல்தச்சர்கள் சுண்ணாம்பிலோ மையிலோ கிறுக்கிய எண்களின் மதிப்பு அப்போதுதான் புரியும்.

ஆனாலும் சதுக்கத்தில் நிற்கும் வாசலையும் ஷெப்பர்டு காலத்து நீர்வண்ணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், திரும்பி வந்தது எது என்ற கேள்வி எழாமல் இருக்காது. கல் அதே கல். புஷ்னெலின் நான்கு அரச உருவங்களும் பழுது பார்க்கப்பட்டு மாடங்களில் இருக்கின்றன. தொலைந்த சிங்கங்களையும் சின்னங்களையும் புதிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். கழுவித் துடைத்த கல் மறுபடி பால் நிறம். அலுவலகம் விட்டுப் போகிறவர்கள் காப்பிக் குவளையோடு அதற்குள் நடக்கிறார்கள், குதிரை இல்லை, சேறு இல்லை, சாபம் இல்லை. கிராக்ஃபோர்டின் மீன்கடை 19ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. எல்லைக்காக நின்ற வாசல் இப்போது எந்த எல்லையிலும் இல்லை, நகரத்தின் நடுவயிற்றில் நிற்கிறது. வாசலை மீட்டது நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாசலும் தெருவும் சேர்ந்திருக்கும் டெம்பிள் பார் வேண்டுமென்றால் காகிதத்துக்குத்தான் போக வேண்டும். அந்தக் கரி நிறத்தைக் கூலிக்கு வரைந்த ஆட்கள், தங்களை வரலாற்றாசிரியர்களாக ஒருபோதும் நினைத்திராதவர்கள், கல்தச்சர்களுக்குச் சமமான வேலை செய்திருக்கிறார்கள்.

லண்டன் போகிறவர்கள் இரண்டையும் பார்க்கலாம். சதுக்கத்து வாசலுக்குக் கட்டணம் எதுவும் இல்லாமல் எந்நேரமும் நடந்துபோகலாம். பழைய லண்டன் நீர்வண்ணங்களில் பெரும்பங்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்தே பெரிதாக்கிப் பார்க்கலாம், கடைப் பலகைகளைக்கூடச் சில படங்களில் படிக்க முடியும். படங்களைப் பார்த்துவிட்டுப் பேராலயத்திலிருந்து மேற்கே ஃப்ளீட் தெருவில் கால்மணி நேரம் நடந்தால் பழைய இடம் வந்துவிடும். சாலை கடக்கும்போது கவனம் தேவை: 1880இல் நட்ட தூண் இன்னும் அங்கேயே இருக்கிறது, பேருந்துகள் அதைச் சுற்றித்தான் போகின்றன.